மிளகுக் கிடங்கில் ஓர் இரவு

மட்டாஞ்சேரியில் கட்டடத்துக்கு வயது ஏற ஏற வாடகையும் ஏறுகிறது. காரை பெயர்ந்த சுவர், அகன்ற மரப்படி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஜன்னல், ஓட்டுக்கூரையைத் தாங்கும் கறுத்த உத்தரம். இடித்துவிட்டு லாட்ஜ் கட்டினால் என்ன என்று ஒரு காலத்தில் சொந்தக்காரர்களே யோசித்த இதே சமாசாரங்களுக்கு இப்போது ஓர் இரவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

வெளிநாட்டவர் மட்டும் அல்ல. சனிக்கிழமையானால் காக்கநாட்டிலிருந்து வருகிறார்கள். இன்ஃபோபார்க்கின் கண்ணாடிக் கட்டடங்களில் ஐந்து நாள் கம்ப்யூட்டரோடு மல்லாடிய இளைஞர்கள். அவர்களில் கோவைக்காரர்களும் மதுரைக்காரர்களும் உண்டு. காக்கநாடு கொச்சியின் கிழக்கு ஓரம், மட்டாஞ்சேரி மேற்கு ஓரம். இடைவெளி இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் ஐந்து. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகு மறு ஆண்டு ஃபோர்ட் கொச்சிவரை வந்துவிட்டதால் இந்தப் பயணம் இன்னும் சுலபமாகிவிட்டது.

இவர்கள் வந்து தங்குவது சாதாரண ஓட்டலில் அல்ல. பத்துப் பதினைந்து அறைகள்தான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி முகம். சுவரில் அச்சடித்த இயற்கைக் காட்சி கிடையாது. ஓர் ஓவியரின் அசல் கைவேலை. முற்றத்தில் சிற்பம். வரவேற்பறையே பாதி கலைக்கூடம். பூட்டிக் ஓட்டல் என்று பெயர்.

இந்த வீடுகளும் கிடங்குகளும் காலியானதற்கு ஒரு கதை உண்டு. முன்பு பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போடும். சரக்கை வள்ளங்களில் ஏற்றி பஜார் ரோட்டுக் கிடங்குகளின் பின்வாசலுக்கே கொண்டு வருவார்கள். அதனால்தான் பழைய கிடங்குகளுக்கு ஒரு முகம் தெருவைப் பார்த்தும் இன்னொரு முகம் தண்ணீரைப் பார்த்தும் இருக்கிறது. 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வழி செய்தார். 1928-ல் கப்பல் உள்ளேயே வந்துவிட்டது. தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய வெலிங்டன் தீவுக்கு வியாபாரத்தின் கனம் மெல்ல மெல்ல நகர்ந்தது. அப்புறமும் மிளகு மட்டும் மட்டாஞ்சேரியை விடவில்லை. 1957-ல் தொடங்கிய மிளகு வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில், யூதத் தெருவில், தரகர்கள் விலை கூவும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். 2000-களில் கம்ப்யூட்டர் வர்த்தகம் வந்தது. கூச்சலும் அடங்கியது.

அப்படிக் காலியான இடத்துக்குத்தான் கலை குடிவந்தது. ஜெர்மானியர் யோர்க் டிரெக்செல் 1990-களில் ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தின் ஓரம் 1755-ம் ஆண்டுக் கட்டடம் என்று சொல்லப்படும் பங்களாவை எடுத்து மலபார் ஹவுஸ் ஆக்கினார். பழைய மரச்சிற்பமும் புதிய ஓவியமும் பக்கத்தில் பக்கத்தில். கொச்சிக்கு இந்த ரசனையை அறிமுகப்படுத்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1997-ல் பர்கர் தெருவில் காஷி ஆர்ட் கபே திறந்தது. காபி குடித்துக்கொண்டே படம் பார்க்கலாம் என்பது அப்போது வேடிக்கையாகத் தெரிந்தது. யூதத் தெருவில் சுக்குக் கிடங்கு ஒன்று ஜிஞ்சர் ஹவுஸ் ஆனது. காயலைப் பார்த்தபடி சாப்பாடு, பக்கத்துக் கூடத்தில் முழு நீளப் பாம்புப் படகு, அருங்காட்சியகம் போல அறைகள். பிறகு 2012 டிசம்பர் 12 அன்று போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் கொச்சி-முசிரிஸ் பினாலேயைத் தொடங்கினார்கள். 1867-ல் தோன்றிய ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகமும் பெப்பர் ஹவுஸும் கண்காட்சிக் கூடங்களாயின. அந்த முதல் முறை, பட்டணத்தில் தோண்டியெடுத்த பானையோடுகளைக் கொண்டு விவான் சுந்தரம் முசிரிஸ் நகரத்தையே தரையில் பரப்பிக் காட்டினார். 2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா ஒரு கிடங்கு முழுக்க முழங்கால் தண்ணீரை நிரப்பி, கடலில் மாண்ட அகதிக் குழந்தைக்காக அழ வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் அதில் நடந்தார்கள். டில்லி, மும்பை கலைக்கூடங்களில் இதைப் பார்க்க முடியாது.

எனவே கலையால் மட்டாஞ்சேரி கெட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கலை வராதிருந்தால் இந்தக் கட்டடங்களில் பாதி மழைக்கே போயிருக்கும். பழைய கூரையைப் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான்; அறை வாடகை அந்தத் தீனியைப் போடுகிறது.

படுக்கையறையைக் கலைக்கூடமாக்குவதும் ஒன்றும் புதிய யோசனை அல்ல. பக்கத்திலேயே மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது; பின்னால் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். இண்டு இடுக்கு விடாமல் வரைந்திருக்கிறார்கள். 1937-ல் இங்கே வந்த அம்ருதா ஷேர்கில் இந்த ஓவியங்களில் சொக்கிப் போனார். நவீன ஓட்டல் அறையில் தூங்கி எழுந்தவர்கள் அடுத்து போக வேண்டிய இடம் இதுதான். வெள்ளிக்கிழமை விடுமுறை. யூத ஆலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு மட்டும் வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஏமாறுவது வாடிக்கை.

தங்குகிறவர்கள் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதில் எது பழசு? பிரண்டன் போட்யார்டு ஓட்டல் பழைய படகுத் தளம் இருந்த இடத்தில் புதிதாகக் கட்டியது. காலனிக் காலப் பாணி, கூரையில் பங்கா எல்லாம் உண்டு. இடத்தின் வரலாற்றை மறைக்காமல் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை. சில இடங்களில் போன வருடம் பூசிய சுவருக்கே முந்நூறு வருடம் என்கிறார்கள். அறையில் நிற்கும் சித்திரத் தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் சங்கடம்தான். கேரளத்தின் உள்நாட்டில் பாகப்பிரிவினை ஆகி இடிபட்ட நாலுகெட்டு வீடுகளின் கதவும் தூணும் பத்தாயமும் யூதத் தெருக் கடைகளுக்குத்தான் வந்து சேர்ந்தன. ஒரு வீட்டின் சாவு இன்னொரு வீட்டின் அலங்காரம்.

இதைவிடப் பெரிய குறை வேறு. இந்த விடுதிகள் பழைய காலத்தைச் சொல்லும்போது பொறுக்கித்தான் சொல்கின்றன. மிளகு வரும், டச்சுக்காரன் வருவான், பாய்மரக் கப்பல் வரும். மூட்டை தூக்கியவன் மட்டும் வரமாட்டான். இதே துறைமுகத்தில் 'சாப்பா' என்ற முறை இருந்தது. காலையில் வேலைக்குக் கூடும் தொழிலாளர் கூட்டத்தின் மேல் உலோக வில்லைகளை விட்டெறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று கூலி உண்டு. எடுக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. இந்த அவமானத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. ராஜீவ் ரவி இயக்கி 2023-ல் வெளிவந்த 'துறமுகம்' படம் இந்தக் கதைதான். படம் பார்த்துவிட்டு பஜார் ரோட்டில் நடப்பவருக்கு ஒரு கிடங்கின் வாசலும் பழையபடி தெரியாது. ஓட்டல் அறைகளின் சுவரில் இந்தக் காட்சி ஒன்று இருந்தால் தூக்கம் கெட்டுவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

யூதர்கள் விஷயமும் இப்படித்தான். அவர்கள் பெயரில் தெரு, கடை, உணவகம் எல்லாம் உண்டு. கோடர் குடும்பத்தின் சிவப்பு மாளிகை ஃபோர்ட் கொச்சியில் விடுதியாகிவிட்டது. இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் போய்விட்டார்கள். தெருவில் பூவேலைத் துணிக் கடை வைத்திருந்த சாரா கோஹென் 2019-ல் 96 வயதில் காலமானார். கோடர் வீட்டு மகள் குவீனி ஹலேகுவா 2024-ல் மறைந்தார். 1568-ல் கட்டிய ஆலயத்தில், தொழுகைக்குக் குறைந்தபட்சம் வேண்டிய பத்து ஆண்களைச் சேர்க்க உள்ளூரில் ஆள் இல்லை.

ஆனால் எல்லோரும் போய்விடவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழும் இடம் என்று மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வட்டாரத்தைச் சொல்வார்கள். கொங்கணிக்காரர்கள், குஜராத்திகள், கச்சி முஸ்லிம்கள். அவர்களோடு தமிழர்களும். வெளி மைதானத்துக்கு அருகே உள்ள தோபிகானாவில் துணி வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தினர். சிப்பாய்களின் உடை வெளுக்க டச்சுக்காரர்கள் காலத்தில் அழைத்து வரப்பட்டவர்கள் என்பது அவர்களுக்குள் வழிவழியாக வரும் செய்தி. இப்போதுள்ள கொட்டகையும் தொட்டிகளும் 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தவை. விடுதிகளின் வெள்ளை விரிப்புகளும் தலையணை உறைகளும் இங்கே வருகின்றன. கல்லில் அடித்து, அரிசிக் கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, கனமான கரிப்பெட்டியால் தேய்த்து மடிக்கிறார்கள். கொடியில் துணிக்குக் கிளிப் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கி, அந்த முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். கடல் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். வாஷிங் மெஷின் வைத்த ஓட்டல்கள் துணி அனுப்புவதில்லை. தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன.

கலை விடுதிகளில் தங்குகிறவர்களில் பலர் இங்கேயும் வருகிறார்கள். வரிசையாய்ப் படபடக்கும் வெள்ளைத் துணிகள் படத்துக்கு நன்றாக இருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் ஆட்டோ ஏறிவிடுகிறார்கள். கேமராவை உறையில் போட்டுவிட்டுத் தமிழில் நலம் விசாரித்தால், கை வேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார்கள்.