அரிசி இனாம், அடுப்பு இனாமில்லை

வாட்ஸ்அப்பில் மாதத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. "300 ரூபாயில் ஒரு வாரம் சாப்பிடுவது எப்படி?" என்று ஒரு பையன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறான். அரிசி, பருப்பு, நாலு முட்டை, ஒரு கட்டுக் கீரை. ஏழு நாளும் சமைத்துக் காட்டிவிட்டு, மீதி பதினோரு ரூபாய் என்று சில்லறையையும் காட்டுகிறான். நானும் முழுக்கப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் ஓர் இடத்திலும் சிலிண்டர் வருவதில்லை. அடுப்பு தானாக எரிகிறது.

2011 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் இருந்தால் எல்லாச் செலவும் அடங்கிவிடும், அதற்கு மேல் செலவழிப்பவர் ஏழை இல்லை என்று திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. நாடே பொங்கியது. அந்த வருடம் துஷார் வசிஷ்ட், மேத்யூ செரியன் என்ற இரண்டு இளைஞர்கள் பெங்களூரில் நாளுக்கு 100 ரூபாயில் சில வாரம் வாழ்ந்து பார்த்தார்கள். பிறகு கேரளத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், அந்த வறுமைக்கோட்டுப் பணத்திலேயே இருந்து பார்த்தார்கள். பொழுதெல்லாம் சாப்பாட்டு நினைப்பாகவே போனது என்று பிற்பாடு சொன்னார்கள். அவர்களை நான் கேலி செய்யமாட்டேன், அந்த வயதில் எனக்கு அது தோன்றியிருக்காது. இருந்தாலும் அவர்கள் கையில் திரும்பிப் போகும் தேதி இருந்தது.

அந்தத் தேதி இல்லாதவர்கள் எங்கள் செண்பகனூரில் இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகை 2023இல் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 40. வாரத்துக்கு 280. வாட்ஸ்அப் பையனை விட இருபது ரூபாய் குறைவு.

எங்கள் வீட்டுக்குக் கீழே இரண்டு திருப்பம் தள்ளி ஓர் அக்கா தனியாக இருக்கிறார். எழுபத்தைந்து தாண்டிவிட்டது. தகரம் போட்ட சொந்த வீடு, அதனால் வாடகை இல்லை. போன மாதம் ஒரு நாள் நானும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். "எழுதுங்க வாத்தியாரே, பேரு மட்டும் போட்டுறாதீங்க" என்று உத்தரவும் கொடுத்துவிட்டார்.

ரேஷனில் அரிசி இனாம். 2011 ஜூன் முதல் அப்படித்தான். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25, ஓர் ஆளுக்கு அரைக் கிலோ சர்க்கரை பன்னிரண்டரை. மாதத்துக்கு 67 ரூபாய் 50 காசு. வாரத்துக்கு 17 ரூபாய் என்று வையுங்கள். தமிழ்நாட்டைத் தவிர வேறு எங்கே இது நடக்கும்? இனாம் கொடுத்தே நாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று பேசும் என் பென்ஷன்கார நண்பர்கள், அந்த அக்கா பருப்பு பாக்கெட்டை எப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடேறுகிறார் என்று ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

அடுத்து சிலிண்டர். இப்போது 900 ரூபாயை ஒட்டி நிற்கிறது. கீழே வத்தலக்குண்டில் இருக்கும் அவர் தங்கைக்கு ஒரு சிலிண்டர் மூன்று மாதம் வருகிறதாம். இவருக்கு இரண்டு மாதம்தான். அப்படியானால் வாரத்துக்கு 105 ரூபாய். பதினேழு ரூபாய்ச் சாமானை வேகவைக்க நூற்றைந்து ரூபாய்!

ஏன் இப்படி என்பதை நான் எட்டாம் வகுப்பில் வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி, நாங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே. இங்கே 93, 94 டிகிரியிலேயே பானை தளதளவென்று கொதிக்கும். பார்க்க ஜோராக இருக்கும், பருப்பு மட்டும் வேகாது. நூறு டிகிரியில் வேகிற பருப்பு 93இல் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று புத்தகத்தில் இல்லை. அந்த அக்காவைக் கேட்டால் சொல்வார். குக்கர் ஒன்று இருந்தது, கைப்பிடி போய் ஆறு வருஷம் ஆகிறது.

சிக்கனச் சமையல் என்று கீழே சொல்லிக்கொடுக்கும் எதுவும் இங்கே அப்படியே ஒட்டாது. அடுப்பே வேண்டாத காலைச் சாப்பாடு பழைய சோறு. மார்கழியில் அதில் கை வைத்துப் பாருங்கள், விரல் விறைத்துவிடும். அதைச் சுட வைத்தால் மறுபடி கேஸ். இட்லி மாவு புளிக்க ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள். குடிக்க வெந்நீர், குளிக்க வெந்நீர்.

அக்காவிடம் இருக்கும் சாமர்த்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. பருப்பை முதல் நாள் இரவே ஊறப்போடுகிறார். சோறு முக்கால் வேக்காட்டில் இறங்கிவிடும், பழைய கம்பளியில் சுற்றி மூலையில் வைத்தால் மிச்சம் தானாக வெந்துகொள்ளும். வேலியில் மேரக்காய்க் கொடி (கீழே சௌசௌ என்பார்கள்) காய்த்துத் தள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாயங்காலம் போனால் கேரட்டும் உருளைக்கிழங்கும் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். காய்க்கு வாரம் 50 ரூபாய் போதும் என்கிறார். புளி, மிளகாய், உப்பு, டீத்தூள் எல்லாம் சேர்த்து ஒரு முப்பது. ஆக, 202 ஆயிற்று. மிச்சம் 78. தினம் கால் லிட்டர் பால் வாங்கினால் அது எண்பதுக்கு மேல் போய்விடும், அதனால் இரண்டு நாள் கடுங்காப்பி. முட்டை கணக்கிலேயே இல்லை. சோப்பு? நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார்.

முன்பு காட்டில் சுள்ளி பொறுக்கி வருவார். 2013இல் வனவிலங்குச் சரணாலயம் ஆன பிறகு கெடுபிடி கூடிவிட்டது. காடு பிழைக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. காட்டெருமை நிற்கிற பாதையில் இந்த வயதில் விறகுக்கட்டோடு போகச் சொல்லவும் முடியாது. ரேஷன் மண்ணெண்ணெயும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவிட்டது. விறகும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்றால் எல்லாப் பாரமும் அந்த ஒரு சிலிண்டர் மேல்தான். வறுமைக்கோட்டுக் கணக்கில் எரிபொருளும் உண்டு என்று படித்தவர்கள் சொல்வார்கள். உண்டுதான். நகரம், கிராமம் என்று இரண்டாகப் பிரித்தார்களே தவிர, மலை என்று ஒரு பத்தி அதில் கிடையாது.

என் அபிப்பிராயம் இதுதான். மலையில் தனியாக இருக்கும் முதியோருக்கு இன்னும் ஐந்து கிலோ அரிசி கொடுப்பதை விட, அதை வேகவைக்க வழி செய்வது முக்கியம். வழியும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அக்காவின் அட்டையைப் பார்த்தேன், முப்பதைத் தாண்டவில்லை. இரண்டு பல்பு, ஒரு டிவி. மீதி எழுபது யூனிட்டை யாரும் தொடவே இல்லை. நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் வருகிறது. ஆயிரம் வாட் அடுப்பு ஒரு மணி நேரம் ஓடும், ஒற்றை ஆளுக்குச் சோறும் பருப்பும் ஆகிவிடும். ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று. குக்கர் இண்டக்‌ஷனில் வைக்கிற மாதிரி எவர்சில்வரில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வீட்டில் உள்ளது அத்தனையும் அலுமினியம், அந்த அடுப்பில் சூடேறாது.

ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும் ஊர் இது, தெரியும். சிலிண்டரை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளட்டும். இரண்டு மாதம் வருவது நாலைந்து மாதம் வந்தாலே வாரத்துக்கு ஐம்பது ரூபாய் கையில் நிற்கும். தினம் ஒரு முட்டைக்குக் காணும்.

இதையே மனுவாக எழுதி, தாலுகா ஆபீசில் கொடுப்பதாக இருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணி பஸ். கூட வந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் செண்பகனூர் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள்.