பிள்ளைகளும் நாமும்: புளியங்கொட்டை உருட்டுவோம்



"விளையாடினது காணும், போய்ப் படி" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஊரில் நமக்கும் அப்படித்தானே சொன்னார்கள். ஆனால் நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஜேர்மனியில் மேசை விளையாட்டுக்கென்றே 1979 முதல் ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறார்கள். இங்குள்ளவர்கள் அதை வீண்பொழுதாக நினைப்பதில்லை.

கடையில் வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கிறது. அதில் தமிழும் இல்லை. ஆகவே சென்ற மாரியில் எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் சிலர் கூடி நாங்களே ஒன்றைச் செய்தோம்.

முதலில் செய்தது பிழைத்துப்போயிற்று. 247 எழுத்துக்கும் அட்டை வெட்டி, பளபளப்பாக இருக்கட்டுமென்று பிளாஸ்ரிக் உறை ஒட்டினோம். கிழிந்தபின் அதைப் பழைய தாள் தொட்டியிலும் போட முடியாது. அதைவிடப் பெரிய குறை, எழுத்துத் தெரிந்த பெரிய பிள்ளையே ஒவ்வொரு முறையும் வென்றதுதான். சின்னவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் செய்தது விளையாட்டல்ல, பரீட்சை!

இரண்டாம் முறை கணக்கை மாற்றினோம். காலையுணவுப் பெட்டி மட்டை இரண்டைக் கோதுமைமாப் பசையால் ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வைத்தோம். அதில் வட்டமாக 18 கட்டம். கட்டத்துக்கு ஒரு மெய்யெழுத்து. உயிரெழுத்துக்கு 12 சிறு அட்டை. இந்த முப்பதே 216 உயிர்மெய்யையும் தந்துவிடும். தாயக்கட்டைக்குப் பதிலாக, பழப்புளிக் கட்டியில் வரும் கொட்டை நான்கை எடுத்து, ஒரு பக்கத்தை வெள்ளை தெரியுமட்டும் கல்லில் தேய்த்தோம். வெள்ளை எத்தனை விழுகிறதோ அத்தனை கட்டம். நான்கும் கறுப்பென்றால் எட்டு. காய்களுக்குப் பழைய சட்டைப் பொத்தான். (மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டிலிருந்தால் கொட்டையும் பொத்தானும் அதன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.)

நிற்கும் கட்டத்து மெய்யோடு, எடுத்த அட்டையின் உயிரைச் சேர்த்து, அந்த எழுத்து எங்காவது வரும் ஒரு சொல் சொன்னால் ஒரு புள்ளி. ஙௌ வந்தால்? பண்டிதரும் திண்டாடுவார். எட்டு வயதுப் பொடியன் ஒருவன்தான் வழி சொன்னான்: "இல்லை" என்று சொல்லலாம், வேறு யாராவது சொல் கண்டுபிடித்தால் புள்ளி அவருக்கு, இல்லாவிட்டால் சொன்னவருக்கே. இந்த விதி வந்தபின்தான் பெரியவர்களும் மேசைக்கு வந்தார்கள்.

அவனே ஒருநாள் 'வ்' கட்டத்தில் நின்று 'ஔ' எடுத்தான். "இல்லை" என்றான். மூலையில் இருந்த அவனுடைய அம்மம்மா, "வௌவால்" என்றார். இரண்டு வயதில் இங்கே வந்த பிள்ளை. அந்தச் சொல்லைக் கேட்டதேயில்லை. அம்மம்மா கைகளை விரித்துக் காட்டினார். கோயிலடி இலுப்பையில் அவை தலைகீழாகத் தொங்குவதையும், இருட்டினதும் கூட்டமாகக் கிளம்புவதையும் சொல்லத் தொடங்கினார். பொடியன் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கட வீட்டுக்கும் வந்ததோ அம்மம்மா?" என்று கேட்டான். புளியங்கொட்டை அவன் கைக்குள்ளேயே இருந்தது. அடுத்து உருட்டவேண்டிய நாங்கள் காத்திருந்தோம்.