அலைச் சங்கீதமும் அயல்நாட்டு ரஸிகர்களும்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். சங்கீதத்தில் அபார ஞானமுள்ளவர். அந்த ஞானம் தமக்கு உண்டு என்பதையும் நன்றாய் அறிந்தவர். நாம் அப்போது, 1965-ம் வருஷம் ஜப்பானில் நடந்த ஓர் அமெரிக்கக் கிடார்க் கச்சேரியின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நண்பர் ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "பாட்டு எப்போது ஐயா ஆரம்பம்?" என்று கேட்டார்.

"இரண்டு பாட்டு முடிந்து, மூன்றாவது நடக்கிறதே!" என்றோம்.

"ஸாஹித்யமே காணோமே?"

"கிடையாது. கடைசி வரையில் கிடையாது."

நண்பர் நம்மை அநுதாபத்துடன் பார்த்தார். "அப்படியானால் அந்த ஜப்பானியர்கள் எதைக் கண்டு இப்படிக் கை தட்டுகிறார்கள்? ஜயித்தவன் வந்து வாசித்தால் தோற்றவன் கை தட்ட வேண்டியதுதானே? வேறென்ன?" என்றார்.

இதைக் கேட்டதும் நமக்குச் சுருக்கென்றது. ஒரு தேசத்தார் அந்நிய தேசத்துச் சங்கீதத்தில் மனத்தைப் பறிகொடுப்பது ரஸிகத்தன்மையா, அல்லது அடிமைப் புத்தியா என்பது லேசான கேள்வியல்ல. நண்பர் காப்பி அருந்திவிட்டுப் போய்விட்டார்; கேள்வி மட்டும் நம்முடனேயே தங்கிவிட்டது. ஆகவே, 'ஸர்ப் மியூஸிக்' என்னும் இந்த அலைச் சங்கீதம் பிறந்த கதையையும், அது கடல் கடந்த கதையையும் நேயர்களுக்குச் சொல்லலாமென்று உத்தேசித்தோம்.

லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரத்துக்குத் தெற்கே பால்போவா என்ற கடற்கரையில் 'ராண்டேவூ' என்று ஒரு பெரிய நடன மண்டபம் இருந்தது. 1961-ம் வருஷம் கோடையில் டிக் டேல் என்ற வாலிபர் அங்கே வாசிக்கத் தொடங்கினார். அவருடைய இயற்பெயர் ரிச்சர்ட் மான்ஸூர்; தகப்பனார் லெபனான் வம்சத்தவர். நீண்ட பலகையின் மீது நின்றுகொண்டு அலையின் முதுகில் சவாரி செய்வது அந்தக் கடற்கரைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. டிக் டேலும் அவர்களில் ஒருவர். மண்டபத்துக்கு அநுமதி கொடுத்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: வருகிற ஆண்பிள்ளைகள் கழுத்தில் 'டை' கட்டியிருக்க வேண்டும்! கடலிலிருந்து எழுந்து காலில் செருப்புக்கூட இல்லாமல் வருகிற பையன்கள் டைக்கு எங்கே போவார்கள்? டிக் டேல் ஒரு பெட்டி நிறைய டைகளை வாங்கி வந்து, வாசலிலேயே விநியோகம் செய்தாராம். வெறுங்காலும் கழுத்தில் டையுமாக ஆரம்பமாயிற்று, ஸர்ப் சங்கீதம். முதல் நாள் வந்தவர்கள் பதினேழு பேர் என்று அவரே சொல்லியிருக்கிறார். சில மாதங்களுக்குள் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது.

இந்தக் கூட்டத்தினால் ஓர் அதிசயமும் விளைந்தது. கிடார் செய்வதில் புகழ் பெற்ற லியோ பெண்டர் என்பவர் டிக் டேலுக்காக ஒலிபெருக்கிகளைச் செய்து கொடுத்தார். ஒவ்வொன்றாக அவை புகைந்து பாழாகிக்கொண்டே இருந்தன. 'இவ்வளவு உரக்க வாசிப்பானேன்?' என்பது பெண்டருக்கு விளங்கவில்லை. ஒரு நாள் அவரே பால்போவாவுக்குப் போய், கூட்டத்தின் நடு மத்தியில் நின்று கேட்டார். விஷயம் புரிந்துவிட்டது! காலி மண்டபத்தில் கணீரென்று ஒலிக்கும் வாத்தியம், ஆயிரக்கணக்கான மனித சரீரங்களுக்கு நடுவே அமுங்கிப் போகிறது. ஜனக்கூட்டம் பஞ்சைப் போல் நாதத்தை உறிஞ்சி விடுகிறது. அதன் பிறகு அவர் பதினைந்து அங்குல ஒலிவாய் பொருத்திப் புதிதாய் ஒரு பெருக்கியைத் தயாரித்தார். பிற்காலத்தில் உலகமெங்கும் கிடார்க் கச்சேரிகள் காதைப் பிளந்ததற்கு அதுவும் ஒரு காரணம். (நம்முடைய காதுகளையும் சேர்த்துத்தான்.) வாத்தியத்தை விட்டு ரஸிகர்களைப் பார்க்கப் போனதனால் கிடைத்த ஞானம் இது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இந்தச் சங்கீதத்தின் தனி லக்ஷணங்கள் இரண்டு. கம்பியைக் கீழும் மேலுமாக இடைவிடாமல் அதிவேகமாய் மீட்டுவது ஒன்று. டிக் டேல் இதைச் சிறு வயதில் வீட்டில் கேட்ட அரபு 'ஊத்' வாத்தியத்திலிருந்தும் தாளக் கருவியிலிருந்தும் கற்றுக்கொண்டார். 1962-ல் அவர் வெளியிட்ட 'மிஸிர்லூ' என்ற உருப்படியே கிழக்கு மத்தியதரைக் கடல் பிரதேசத்துப் பழைய மெட்டுத்தான்; மிஸிர்லூ என்றால் எகிப்து தேசத்துப் பெண் என்று பொருள். மற்றொன்று, கம்பிச் சுருள் எதிரொலி. ஒரு பெட்டிக்குள் சில கம்பிச் சுருள்களைத் தொங்கவிட்டு, அவற்றின் வழியாக நாதத்தைச் செலுத்துவார்கள். கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மீட்டினால், குகைக்குள் தண்ணீர் சொட்டுவது போல் கேட்கும். கச்சேரி நடுவில் அந்தப் பெட்டியை ஓர் உதை உதைத்தால் இடி இடிக்கும். வேண்டுமென்றே உதைக்கும் வித்வான்களும் உண்டு. ரஸிகர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இந்த மோகம் ஏறக்குறைய மூன்று வருஷந்தான். 1964-ல் இங்கிலாந்திலிருந்து பீட்டில்ஸ் கோஷ்டியார் வந்து இறங்கியதும் ஊரெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ராண்டேவூ மண்டபமும் 1966-ல் தீக்கிரையாகிவிட்டது. ஆனால், சொந்த ஊரில் அஸ்தமித்த சூரியன் பஸிபிக் சமுத்திரத்தின் அக்கரையில் அப்போதுதான் உதயமாகிக்கொண்டிருந்தான்.

வாஷிங்டன் மாகாணத்தில் டகோமா என்று ஓர் ஊர். அங்கே கொத்து வேலை செய்துகொண்டிருந்த டான் வில்ஸன், பாப் போகிள் என்ற இரு நண்பர்கள் அடகுக் கடையில் மலிவாய்க் கிடார் வாங்கிப் பழகினார்கள். அவர்கள் ஆரம்பித்த கோஷ்டிதான் 'வென்சர்ஸ்'. இவர்களை ஸர்ப் வித்வான்கள் என்று சொல்லலாகாது என்று வாதிடும் வைதிகர்கள் இருக்கிறார்கள். அலைப் பலகையைக் கண்ணால் காணாத குளிர்ப் பிரதேசத்துக்காரர்களாம்! சம்பிரதாயச் சண்டை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதில் நமக்கு ஓர் அற்ப திருப்தி. எப்படியிருந்தாலும், அலைச் சங்கீதத்தைக் கடல் கடந்து கொண்டுபோனவர்களில் இவர்களே முதன்மையானவர்கள். 1962-ல் முதல் தடவை ஜப்பானுக்குப் போன போது, நால்வருக்கும் கப்பலோ விமானமோ செலவழிக்க ஏற்பாட்டாளருக்கு மனமில்லை. ஆகவே இரண்டே பேர், தங்கள் மத்தளமும் மந்தர ஸ்வரக் கிடாரும் இல்லாமல் போய்வந்தார்கள். 1965 ஜனவரியில் நால்வருமாகப் போய் இறங்கிய போது நிலைமையே வேறு. பல்லாயிரம் வாலிபர்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மின்சாரக் கிடாருக்கு 'எலெக்கி' என்று பெயர் வைத்தார்கள். எலெக்கிப் போட்டிகள் டெலிவிஷனில் வாரந்தோறும் நடந்தன. சினிமாக் கதாநாயகர்கள் எலெக்கி வாசித்தார்கள்.

இங்கேதான் நமது நண்பரின் கேள்விக்கு வருகிறோம். யுத்தத்தில் தோற்று இருபது வருஷம். அமெரிக்கப் படையின் ஆதிக்கம் நீங்கிப் பதின்மூன்று வருஷம். அந்தத் தேசத்துப் பெரியவர்களுக்கும் நமது நண்பரைப் போலவே கவலை உண்டாயிற்று. 1965-லேயே ஆஷிகாகா என்ற நகரத்தின் கல்வி அதிகாரிகள், மாணவர்கள் எலெக்கி வாங்கக் கூடாது, எலெக்கிக் கச்சேரிக்குப் போகக் கூடாது என்று தடை விதித்தார்கள். வேறு ஊர்களிலும் பள்ளிக்கூடங்கள் அதைப் பின்பற்றின. அந்தத் தகப்பனார்களையும் உபாத்தியாயர்களையும் நாம் பரிகசிக்கத் தயாராயில்லை. அவர்கள் பயந்தது ஒரு வாத்தியத்தைப் பார்த்தல்ல.

ஆனால் அந்தப் பையன்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். வென்சர்ஸ் கோஷ்டியார் உச்ச ஸ்தாயியிலிருந்து கீழ்நோக்கி, அமுக்கிய கம்பியில் சறுக்கிக்கொண்டே வரும் ஒரு வரிசை வாசிப்பார்கள். அமெரிக்க ரஸிகர்கள் அதைக் கேட்டு ஆரவாரித்தார்கள், அவ்வளவுதான். ஜப்பானியர் அதற்கு 'தெக்கெ-தெக்கெ' என்று ஒரு சொற்கட்டு உண்டாக்கினார்கள்! வாத்திய ஓசைக்கு வாயால் சொல் கொடுப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்று மிருதங்கச் சொல் கேட்டுப் பழகிய நமக்குத் தெரியாதா? அரைகுறையாய்க் கேட்டவனால் அது ஆகாது. பிற்பாடு ஆஷிஹாரா ஸுனாவோ என்னும் ஆசிரியர், 1960-களில் வானொலியில் 'பைப்லைன்' என்ற ஸர்ப் உருப்படியைக் கேட்டு மயங்கிய ஒரு கிராமாந்தரப் பள்ளிப் பையனைப் பற்றி நாவல் எழுதிய போது, அந்த ஓசையையே நூலின் பெயராக்கினார். அதற்கு 1991-ல் நவோகி பரிசு கிடைத்தது.

அதோடு நிற்கவில்லை. வந்த விருந்தாளிகளையே ஜப்பானியர் வேலை வாங்கிவிட்டார்கள்! வென்சர்ஸ் கோஷ்டியார் ஜப்பானுக்கென்றே மெட்டுகள் அமைத்தார்கள். அவற்றுக்கு ஜப்பானியக் கவிகள் தங்கள் பாஷையில் பாட்டு எழுதினார்கள். டோக்கியோவின் கின்ஸா வீதியைப் பற்றி 1966-ல் ஒன்று. வட திசையின் நீல வானத்தைப் பற்றி ஒன்று. கியோத்தோ நகரத்துக் காதலைப் பற்றி 1970-ல் ஒன்று. மறு வருஷம், ஒஸாகாவின் மிடோஸூஜி ராஜவீதியில் பெய்யும் மழையைப் பற்றி ஒன்று. அதைப் பாடியவர் தைவானிலிருந்து வந்த ஒரு பெண்மணி. எல்லாம் பிரமாதமாய்ப் பிரபலமாயின. டகோமாவின் கொத்து வேலைக்காரர்கள் கியோத்தோவின் காதலுக்கு மெட்டமைக்கிறார்களென்றால், யார் யாரை வசப்படுத்தினார்கள் என்று நிதானமாய்த்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

டெராவுச்சி டாகேஷி என்ற வித்வான் இன்னும் ஒரு படி மேலே போனார். தமது தேசத்து நாடோடிப் பாடல்களை எலெக்கியில் வாசித்தார். வடக்கு ஜப்பானில் 'ஷாமிஸென்' என்ற மூன்று தந்தி வாத்தியத்தை, தோலும் தந்தியும் சேர்ந்து அதிரும்படி படபடவென்று அடித்து வாசிக்கும் மரபு ஒன்று உண்டு. அந்த மெட்டுகளை அவர் கிடாரில் எடுத்த போது, 'தெக்கெ-தெக்கெ' என்ற ஓசை அவர்கள் காதுக்கு ஏன் அந்நியமாய்ப் படவில்லை என்பது நமக்கு விளங்குகிறது. 1967-ல் பீத்தோவனின் ஐந்தாவது ஸிம்பொனியையும் அவர் விட்டு வைக்கவில்லை! பிற்காலத்தில் அவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சென்று எலெக்கி வாசித்தார். எந்த வாசலில் தடை எழுதியிருந்ததோ அந்த வாசலுக்குள்ளேயே போய் வாசித்த மனிதர்! 2021-ல் காலமானார்.

பின்லாந்து தேசத்தாரும் அலைக் கிடாரில் ஈடுபட்டவர்கள். 'ரவுதலங்கா', அதாவது இரும்புக் கம்பி, என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒரு செய்தி மட்டும். ருஷ்ய-ஜப்பானிய யுத்தத்தில் மாண்ட ருஷ்யச் சிப்பாய்களுக்காக ஒரு ருஷ்யப் பட்டாள வித்வான் அமைத்த சோகமான நடன மெட்டு ஒன்று உண்டு. அதை 1960-களின் ஆரம்பத்தில் பின்லாந்துக் கோஷ்டியொன்று கிடாரில் வாசித்தது. அந்த இசைத்தட்டு எங்கே அமோகமாய் விற்றது தெரியுமா? ஜப்பானில்!

டிக் டேலின் பிற்கால வாழ்க்கை இவ்வளவு சுகமாயில்லை. 1994-ல் வெளியான 'பல்ப் பிக்ஷன்' படத்தின் தொடக்கத்தில் மிஸிர்லூ ஒலித்த பிறகு, புதிய தலைமுறை ஒன்று அவரைத் தேடி வந்தது. மறுபடியும் ஊர் ஊராகப் போய் வாசித்தார். முதுமையில் புற்று நோயும் சிறுநீரகக் கோளாறும் வாட்டின. மருந்துச் செலவுக்காகவே மேடையேற வேண்டியிருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். 2019 மார்ச்சில், எண்பத்தொன்றாம் வயதில், காலமானார். பணக்கார தேசத்தில் ஒரு பெரிய வித்வானுக்கு இப்படி ஒரு முடிவு என்பதை நினைத்தால் அந்தக் கை தட்டல்களெல்லாம் நமக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்கின்றன.

ஜப்பானியர் தங்கள் விருந்தாளிகளைக் கைவிடவில்லை. 1965-ல் கை தட்டிய பையன்கள் உத்தியோகம் பார்த்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், தலை நரைத்தார்கள். கோடை வந்தால் வென்சர்ஸ் கச்சேரிக்கு டிக்கட் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. 2010-ல் ஜப்பானிய அரசாங்கம் 'உதய சூரியன்' விருது அளித்து அந்தக் கோஷ்டியைக் கௌரவித்தது. எண்பது வயதைக் கடந்த பிறகும் டான் வில்ஸன் அந்த மேடைகளில் நின்றார்.

அந்தக் கச்சேரிகளில் 'காரவான்' என்ற உருப்படி விசேஷமானது. அதுதான் அவர்களுடைய தனி ஆவர்த்தனம். மத்தளக்காரர் மெல் டெய்லர் வெகு நேரம் தனியாய் வாசித்துவிட்டு, திடீரென்று மந்தரக் கிடாரின் பக்கம் திரும்பி, தமது குச்சிகளால் அதன் கம்பிகளிலேயே தாளம் தட்டுவார். கிடார்க்காரர் இடது கையால் மட்டும் ஸ்வரஸ்தானங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாளமே ராகமாகிவிடும் அந்தக் கணத்துக்காகச் சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். 1996-ம் வருஷத்துக் கோடையில் ஜப்பானில் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே மெல் டெய்லருக்கு உடம்பு மோசமாயிற்று. ஊர் திரும்பிய சில தினங்களில் புற்று நோயால் இறந்து போனார். அவருடைய ஆசனத்தில் மகன் லியான் அமர்ந்தார். மறுபடியும் 'காரவான்'. தகப்பனார் வாசித்த அதே இடம் வந்ததும், மகன் குச்சிகளுடன் மந்தரக் கிடாரின் பக்கம் திரும்பினார். நரைத்த தலைகள் நிறைந்த அந்தச் சபை, எங்கே கை தட்ட வேண்டும், எங்கே தட்டாமலிருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தது.