நாலாவது முட்டை

வள்ளியூரில் ஒரு சிநேகிதர் வீட்டு மொட்டை மாடியில் நான் வாய் திறந்த குற்றத்துக்காக, "அண்ணாச்சி, நீங்க கதை எழுதுறதோட நிறுத்திக்கிடுங்க" என்று எனக்கு உத்தரவாகியிருக்கிறது. உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற சுபாவம் எனக்கு இல்லை. மாடியில் பாதியில் நின்றுபோன பேச்சை இங்கே முடித்துவிடுகிறேன்.

விஷயம் குருவிகளைப் பற்றியது. சிநேகிதரின் மகன் மாடியில் தகரக் கொட்டகை போட்டு, மேற்கே சாக்குப் படுதா கட்டி (ஆனி ஆடி வந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று ஆளையே தள்ளும், குருவி எம்மாத்திரம்!) வரிசை வரிசையாகக் கூண்டுகள் வைத்திருக்கிறான். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு சின்ன மண் கலயம், ஒரு கிண்ணம் தினை, கொத்துவதற்குக் கடல்நுரை ஒரு துண்டு. சுத்தத்தில் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சமையலறை அவ்வளவு சுத்தமாக இருக்குமா என்பது சந்தேகம்.

உள்ளே இருப்பவை 'ஜீப்ரா ஃபின்ச்'. ஆஸ்திரேலியாக் குருவி. நம் தினைக்குருவிக்கு, அதாவது சில்லைக்கு, பங்காளி. சாம்பல் முதுகு, பவள அலகு. ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, தொண்டையில் மெல்லிய கறுப்பு வரி, விலாவில் செம்பழுப்பில் வெள்ளைப் புள்ளி. கடவுள் அவசரமில்லாத ஒரு நாளில் செய்த காரியம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சாம்பல் குருவி மாடியில் ஒன்றுகூட இல்லை. "நார்மலா? அதை யாரு மாமா வாங்குதா?" என்றான் பையன். அவனிடம் இருந்தவை வெள்ளை, பழுப்பு, வெள்ளி, வெள்ளைத் திட்டு போட்டது, தலையில் கொண்டை வைத்தது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கூண்டில் பறவை வளர்ப்பதே மகாபாவம், திறந்துவிடு என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. 1960 முதல் ஆஸ்திரேலியா தன் பறவைகளை வியாபாரத்துக்காக வெளியே விடுவதை நிறுத்திவிட்டது. ஆகவே நம் ஊர்க் கூண்டுகளில் உள்ளவை கூண்டிலேயே பிறந்தவற்றின் பேரனுக்குப் பேரன். திறந்துவிட்டால் வள்ளியூர்க் காக்கைக்கு ஒரு வேளைப் பலகாரம், அவ்வளவுதான். வளர்க்கட்டும். என் சண்டை வளர்ப்பதோடு அல்ல, இந்த வர்ணப் பைத்தியத்தோடு.

கொண்டைக் கூண்டின் கம்பியில் படிகாரம் ஒன்று கட்டித் தொங்கியது. கீழே வந்ததும் ஆச்சியிடம் கேட்டேன். "நாலு முட்டை இட்டா ஒண்ணு பொரிக்கவே மாட்டேங்கு. போன வாட்டியும் அப்படித்தான். கண்ணு பட்டிருக்கு" என்றாள் கிழவி. கண்ணேறும் இல்லை, கழிப்பும் இல்லை, வெறும் கணக்கு. கொண்டை என்பது ஒரு பங்கு வந்தால் அலங்காரம். தகப்பனிடமிருந்தும் தாயிடமிருந்தும் இரண்டு பங்காக வந்தால் யமன். கொண்டையையும் கொண்டையையும் ஜோடி சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சுக்கு இரண்டு பங்கும் வந்து சேரும். அது முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வராது. கொண்டைக்குச் சாதாரணத் தலையை ஜோடி சேர்த்தால் பாதிக் குஞ்சுகளுக்குக் கொண்டை கிடைக்கும். இந்தச் சாவு கிடையாது. பரிகாரம் இத்தனை சுலபம்.

பையனுக்கு இது தெரியாது என்று நினைத்து, பெரிய மனுஷன் தோரணையில் விளக்கினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் மாமா" என்றான். "ரெண்டுக்கும் கொண்டை இருந்தாத்தான் ஜோடி போட்டோல நல்லா விழும். ஜோடியாத்தான் வாங்குதாங்க."

இதற்குப் பிறகுதான் என் குரல் உயர்ந்தது.

போட்டோ! அடுத்த அறையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. முன்புறம் கண்ணாடி, இரு பக்கமும் விளக்கு, நடுவில் ஒரு குச்சி. குருவியை அதற்குள் விட்டு, மூச்சிரைப்பு அடங்கும்வரை காத்திருந்து, டெலிபோனில் படமெடுத்து, பிறகு விரலால் தடவித் தடவி நிறத்தை ஏற்றுகிறார்கள். பழுப்பு தங்கமாகிறது, வெள்ளி நீலமாகிறது. படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறார்கள். சினிமாக்காரியின் போஸ்டரைப் பார்த்துக் கல்யாணம் பேசுகிறவனைப் பற்றி நாம் சிரிப்போம். இங்கே அதே காரியம் மாதா மாதம் நடக்கிறது. சிரிக்க ஆள் இல்லை.

இந்தத் தாமிரபரணிச் சீமையிலே பிறந்தவர் ஒருவரைப் பற்றி அந்தப் பையனிடம் சொன்னேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டு யானையையும் கரிச்சானையும் ஒரே மரியாதையோடு பார்த்தவர். 1950 முதல் 1996-ல் காலமாகும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதியவர். தாமே ஒட்டுப்போட்டுச் சேர்த்த ஒரு பூதாகாரமான காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வைத்து, அதைச் சுமந்துகொண்டு காடு காடாகத் திரிந்தார். அவர் பெயர் நிலைத்திருப்பது கறுப்பு வெள்ளைப் படங்களில். அந்தப் படங்களில் நிறம் இல்லை, பிராணி இருக்கிறது. பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு விக்கலயே மாமா" என்றான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நிறம் வருகிற வழியையும் வாசகர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பழுப்பு நிறம் ஒளிந்து வருகிற நிறம். சாம்பலாகத் தெரிகிற தகப்பன் அதை உள்ளே பதுக்கி வைத்திருக்கக்கூடும். பறவைகளில் பெண்ணுக்கு அந்தச் சங்கதியில் ஒரே பிரதி. தகப்பன் கொடுத்ததை அவள் மறைக்க முடியாது. பதுக்கியவனின் பெண்களில் சரிபாதி பழுப்பாகப் பிறக்கும். ஆண் பழுப்பாக வேண்டுமானால் இரு பக்கமும் வர வேண்டும். அவசரக்காரன் என்ன செய்கிறான்? பழுப்பு மகளைத் தகப்பனுக்கே ஜோடி சேர்க்கிறான். அடுத்த தலைமுறையில் அண்ணன் தங்கை. மனுஷ ஜாதியில் இதைக் கதையாக எழுதினால்கூடப் பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு மூன்று தலைமுறையில் குஞ்சுகள் சோனியாகின்றன, முட்டைகள் கூமுட்டையாகின்றன. ஆச்சி இன்னொரு படிகாரம் கட்டுகிறாள்.

இதைவிட நெஞ்சை உறுத்துகிற ஒன்று உண்டு. விலையுயர்ந்த நிறத்துக்காரி தன் முட்டையில் தானே உட்கார்ந்தால் நாள் வீணாகிறதாம். முட்டையை எடுத்து 'பெங்காலிஸ்' என்ற குருவியின் கலயத்தில் வைத்துவிடுகிறார்கள். பெயரில் வங்காளம் இருந்தாலும் அது ஜப்பானில் சுமார் இருநூற்றைம்பது வருஷமாகக் கூண்டில் வளர்க்கப்பட்ட குருவி; அதன் மூதாதை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிற வெண்முதுகுச் சில்லைதான். மகா சாது. யார் முட்டையைக் கொடுத்தாலும் அடைகாக்கும், யார் குஞ்சுக்கும் இரை ஊட்டும். ஆனால் ஜீப்ரா ஆண்குஞ்சு பாட்டைப் பிறவியில் கொண்டுவருவதில்லை. முதல் மூன்று மாதங்களில் தகப்பன் பாடுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. பிறகு ஆயுளுக்கும் அந்த ஒரே பாட்டு. வளர்ப்புத் தகப்பன் பெங்காலிஸானால் அவன் பாட்டையே கற்கும். அதோடு நிற்பதில்லை. இம்மெல்மன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி பரீட்சித்துப் பார்த்தார்: அப்படி வளர்ந்த ஆண், பெரியவனானதும் தன் ஜாதிப் பெண்ணை விட்டுவிட்டு பெங்காலிஸ் பெண்ணின் முன்னால் போய் நின்று பாடியது. நிறம் வந்துவிட்டது, படம் பிரமாதமாக விழும். தான் யார் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஜப்பானில் ஒகனோயா என்பவர் கண்டது: காட்டுச் சில்லையின் பாட்டைவிடக் கூண்டுப் பெங்காலிஸின் பாட்டு அதிகச் சிக்கலும் நயமும் கொண்டது. பாட்டுக்காக யாரும் அதை வளர்க்கவில்லை, தானாகவே வந்தது. ஆக, கூண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று நான் சொன்னால் பொய்யாகும். ஆனால் அது இரண்டு நூற்றாண்டு நிதானத்தில் விளைந்தது. அடுத்த மாதப் படத்துக்கு நிறம் வேண்டும் என்பவர் அதைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்க முடியாது.

'கோல்டியன் ஃபின்ச்' என்று இன்னொன்று. ஊதா மார்பு, மஞ்சள் வயிறு, பச்சை முதுகு. ஜான் கூல்ட் என்ற பறவை அறிஞர், 1841-ல் இறந்துபோன தம் மனைவி எலிசபெத்தின் ஞாபகமாகப் பெயரிட்ட பறவை. இதற்கு மேலும் நிறம் வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றுமா? தோன்றியிருக்கிறது. நீல முதுகாகவும் மஞ்சள் முதுகாகவும் மாற்றி விற்கிறார்கள். ஆஸ்திரேலியக் காட்டில் அது அருகிவருகிறது; நாங்கள் கூண்டில் காப்பாற்றுகிறோம் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். நீல முதுகுக் குருவியை எந்தக் காட்டில் கொண்டுபோய் விடப் போகிறார்கள்?

எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருவதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஒரு திருவிழாக் கடைத்தெருவில், என் மகள் கேட்டாள் என்று, பச்சைப் பசேலென்று ஒரு குருவி வாங்கினேன். வெளிநாட்டுக் குருவி என்றான் விற்றவன். மறுநாள் அது தண்ணீர்க் கிண்ணத்தில் குளித்தது. தண்ணீர் பச்சையாயிற்று, குருவி பழுப்பாயிற்று. வயிற்றில் செதில் செதிலாகப் புள்ளி. எங்கள் வயல் வரப்பில் உடைமரத்தில் கூடு கட்டுகிற புள்ளிச் சில்லை! சாயத்தில் முக்கியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் 1990-91 முதல் அடியோடு தடைசெய்யப்பட்டது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆக, நானும் குற்றவாளி. மூன்றாம் நாள் அது செத்துப்போயிற்று. மகள் அழவில்லை. "இது பச்சை இல்லையே அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் நிறம்தான் முக்கியமாக இருந்தது, கற்றுக்கொடுத்தவன் நான்.

வள்ளியூரிலிருந்து நாங்குநேரிப் பக்கம் போனால் கூந்தன்குளம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டியிருக்கிறது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அங்கேயும் போட்டோக்காரர்கள் போகிறார்கள். நாரை தன் சௌகரியப்படி நிற்கும். அவர்கள் காத்துக் கிடப்பார்கள். பையனை அங்கே அழைத்துப்போகிறேன் என்றேன். வருகிறேன் என்றான்.

நான் கேட்டது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. கொண்டையையும் கொண்டையையும் பிரி. தகப்பனுக்கு மகளைச் சேர்க்காதே. ஒரு நோட்டுப் போட்டு, எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, எத்தனை செத்தது என்று எழுதி, வாங்க வருகிறவரிடம் படத்தோடு அதையும் காட்டு. "செத்த கணக்கைக் காட்டுனா எவன் வாங்குவான்?" என்று அதுவரை சும்மா இருந்த சிநேகிதர் குறுக்கிட்டார். வாங்காமல் போகட்டும் என்றேன். அப்போதுதான் கதை எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளும்படி எனக்கு உத்தரவாயிற்று. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, பையன் மட்டும் பின்னாலேயே வந்து, சாதாரணச் சாம்பல் பெட்டை ஒன்று நாகர்கோவிலில் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டான்.