காலை நீட்டாதீர்கள்

பாய்ப்படகின் வெளிப்புறத்தில் பூசிய வண்ணத்தைக் கீறுவது எது? கல்லால் கட்டிய துறைச்சுவர் என்றே அநேகர் சொல்வார்கள். ஆனால் சுவரில் உரசாதபடி படகின் பக்கத்தில் நாம் தொங்கவிடுகிற ஃபெண்டரே பல வேளைகளில் அதைக் கீறுகிறது. காற்றடைத்த அந்த வினைல் உருளை மென்மையானதுதான். அதன்மேல் ஒட்டியிருக்கும் மணல் மென்மையானதல்ல. படகு அசைய அசைய, அந்த மணல் இரவு முழுவதும் ஒரே இடத்தைத் தேய்க்கிறது. விடிந்ததும் மங்கிய தடம் ஒன்றைக் காண்கிறோம். காவலுக்கு வைத்ததையே கழுவாமல் விட்டதன் பலன் அது.

ஃபைபர் படகின் ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அதில் சிறு கீறல் விழுந்தால் தேய்த்து மெருகேற்றிவிடலாம். பாலியூரித்தேன் வண்ணமோ அதைவிட மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பும் போய்விடும். கருநீலப் படகானால் மயிரளவு கீறலும் கண்ணில் படும். அழகுக்காக அடர்நிறத்தைத் தெரிந்துகொள்கிறவர்கள் இந்தக் கவலையையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறார்கள்!

ஆகையால் ஃபெண்டரையும் அது படுகிற இடத்தையும் நன்னீரால் கழுவுங்கள். துணி உறை நல்லதே. அதிலும் மணல் சேரும், துவைக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது கயிறு என்பேன். முனையில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாகக் கட்டிவிட்டால் போதாது. படகு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் கயிறு என்னும் நீண்ட சாய்வுக் கயிறுகளையும் கட்டினால் அந்த ஓட்டம் அடங்கும். மிதவைத் துறை நீரோடு ஏறி இறங்குவதால் ஃபெண்டர் வைத்த உயரத்திலேயே நிற்கும். நிலையான சுவரில் அப்படியல்ல. பிரான்சின் சென் மாலோ கடற்கரையில் பெரும் ஓத நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 12 மீட்டர் ஏறி இறங்குகிறது. அத்தகைய ஓதத்தில் சுவரோரம் படகைக் கட்டிவிட்டு நிம்மதியாய்த் தூங்க முடியுமா?

இவையெல்லாம் துறையை நெருங்குமுன் செய்யவேண்டியவை. நெருங்கிய பின்பு, "ஐயோ, கீறிவிடும்!" என்று படகுக்காரர் கூவினால் என்ன நடக்கும்? உடன்வந்த விருந்தினரோ பிள்ளையோ சுவருக்கும் படகுக்கும் நடுவே காலை நீட்டுவார். 10 மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகு ஐந்து டன் எடை வரலாம். அது மெதுவாக வருவதால் அந்த எடை நமக்குத் தெரிவதில்லை. இடையில் அகப்பட்ட எலும்புக்குத் தெரியும். வண்ணத்தை மறுபடியும் பூசலாம், செலவு அதிகமானாலும்.

படகில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், சிறுவர்களிடம் விசேஷமாக, புறப்படுமுன்னே சொல்லிவிடுங்கள்: உரசினால் உரசட்டும், கையும் காலும் உள்ளே இருக்கட்டும். கட்டாத ஃபெண்டர் ஒன்றை, பதற்றமில்லாத ஒருவர் கையில் கொடுத்துவையுங்கள். படகு எங்கே நெருங்குகிறதோ அங்கே அவர் அதைத் தொங்கவிடட்டும்.