இசைத்தட்டுக்குப் பொய்ப்பெருமை வேண்டாம்

இசைத்தட்டு ஒலியை முழுமையாகத் தருகிறது, டிஜிட்டல் பதிவோ அதை நறுக்கி இடையில் உள்ளதை இழந்துவிடுகிறது என்னும் நம்பிக்கை, பழைய ஒலிக்கருவிகளை நேசிப்போரிடையே ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக நிலைபெற்றிருக்கிறது. தட்டின் வரிப்பள்ளம் ஒலியலையின் வளைவைத் தொடர்ச்சியாகத் தாங்கி நிற்பதாகவும், குறுந்தகடு அதே வளைவைப் படிக்கட்டு வடிவில் சிதைத்துத் தருவதாகவும் காட்டும் ஒரு வரைபடம் இந்நம்பிக்கையின் சான்றாகத் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1987க்குப் பின் முதன்முறையாக 2022இல் எல்.பி. தட்டுகள் விற்பனை எண்ணிக்கையில் குறுந்தகடுகளை முந்தும் அளவுக்கு மறுவாழ்வு பெற்றுள்ள இக்காலத்தில், இந்நம்பிக்கையை மறுப்போர் இசையுணர்வு அற்றவர்களாகவே பார்க்கப்படுகின்றனர். தட்டின் மீதுள்ள அன்பு மதிக்கத்தக்கது. ஆனால் அந்த அன்புக்கு அடித்தளமாக வைக்கப்படும் அறிவியல் விளக்கம் தவறானது, அத்தவறு இசைக்கே தீங்கு செய்கிறது.

டிஜிட்டல் பதிவின் அடிப்படை மாதிரியெடுப்பு, அதாவது ஒலியலையின் உயரத்தைச் சீரான கால இடைவெளிகளில் அளந்து எண்களாகக் குறித்துக்கொள்வது. சோனியும் பிலிப்ஸும் வகுத்து, 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இந்த அளவீடு விநாடிக்கு 44,100 முறை நிகழ்கிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாக, 16 பிட் எண்ணாகப் பதிவாகிறது. இரண்டு மாதிரிகளுக்கு இடையே அலை எப்படிச் சென்றது என்பது தொலைந்துபோகாதா என்ற கேள்வி இயல்பானது. இதற்கான விடை குறுந்தகடு தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1928இல் ஹாரி நைக்விஸ்டும், 1933இல் விளாதிமிர் கோதெல்னிக்கோவும், 1949இல் கிளாட் ஷானனும் எழுதியவற்றின் வழியாக உறுதிப்பட்ட மாதிரியெடுப்புத் தேற்றம், ஓர் அலையில் அடங்கியுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரி எடுக்கப்பட்டால், அப்புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லக்கூடிய, அந்த வரம்புக்கு உட்பட்ட அலை ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவுகிறது. இளம் வயதினரின் நல்ல செவிகூட ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும் என்பதால், 44,100 என்னும் வேகம் செவி அறியக்கூடிய அலை முழுவதையும், மாதிரிகளுக்கு இடைப்பட்ட பகுதியையும் சேர்த்தே, மீட்டுத் தரப் போதுமானது.

ஆகவே படிக்கட்டுப் படம் காட்டும் சிதைவு கேட்பவரின் செவிக்கு வருவதே இல்லை. தகட்டில் இருப்பவை புள்ளிகள் மட்டுமே. அவற்றை மின்னலையாக மாற்றும் சுற்று, வரம்புக்கு மேற்பட்ட அதிர்வெண்களை வடிகட்டி நீக்கிய பின் வெளியிடுவது வழுவழுப்பான, தொடர்ச்சியான அலையாகும். அளவுகளை அருகிலுள்ள படிநிலைக்கு முழுமையாக்குவதால் ஏற்படும் சிறுபிழை உண்மையில் உண்டு. ஆனால் முறையாகச் செய்யப்பட்ட பதிவில் அது மிக மெல்லிய இரைச்சலாக, உச்ச ஒலியைவிட ஏறத்தாழ 96 டெசிபல் தாழ்ந்து நிற்கிறது. 2007இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனை இதைச் செவிவழியாகவும் உறுதிசெய்தது. குறுந்தகட்டைவிட நுட்பமான பதிவுகளை நேரடியாக ஒரு முறையும், குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்து ஒரு முறையும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தபோது, 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக இருந்தன. அதாவது நாணயம் சுண்டிப் பார்த்தால் கிடைக்கும் விடையைவிட மேலான எதுவும் கிடைக்கவில்லை.

இனி, அலையை அப்படியே தாங்கி நிற்பதாகச் சொல்லப்படும் தட்டை ஆராய வேண்டும். கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி.யில் எந்த ஒலியும் உள்ளது உள்ளபடி வெட்டப்படுவதில்லை. தாழ்ந்த ஒலிகளை முழு வலிமையோடு வெட்டினால் பள்ளம் அகன்று, பக்கத்துப் பள்ளத்தைத் தொட்டுவிடும். உயர்ந்த ஒலிகளை இயல்பான வலிமையில் வெட்டினால் அவை தட்டின் உராய்வு இரைச்சலில் மூழ்கிவிடும். எனவே 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில்துறைச் சங்கம் வகுத்த சமன்செய் விதிப்படி, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட, 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டும், 20,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழப் பத்து மடங்காகக் கூட்டப்பட்டும் வெட்டப்படுகின்றன. கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபோனோ சுற்று அதைத் தலைகீழாக்கிச் சமன்செய்கிறது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபடும் கனத்த தாழ்ஒலிகள் ஊசியை மேலும் கீழும் துள்ளச் செய்யும் என்பதால் அவை பெரும்பாலும் நடுவில் ஒன்றாக்கப்படுகின்றன. ‘ஸ’ போன்ற சீறும் ஒலிகள் ஊசி தடுமாறாதபடி அடக்கப்படுகின்றன. மேலும், தட்டின் வெளிவிளிம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர் மட்டுமே ஓடுவதால், அதே அளவு இசை அங்கே பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கப்பட்டு, பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிதைவு கூடுகிறது. மிகச் சிறந்த தட்டிலும் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே உள்ள வீச்சு 70 டெசிபலைத் தாண்டுவது அரிது. அலை இங்கே தொடர்ச்சியானதுதான். ஆனால் தொடர்ச்சியும் முழுமையும் ஒன்றல்ல.

தட்டுக்கும் டிஜிட்டலுக்கும் இடையே கற்பிக்கப்படும் பகையை வரலாறும் ஏற்கவில்லை. ஜப்பானின் டெனான் நிறுவனம் 1972 முதலே டிஜிட்டலில் பதிவு செய்து எல்.பி.களை வெளியிட்டது, குறுந்தகடு பிறப்பதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1979இல், அமெரிக்க இசைக்கலைஞர் ரை கூடரின் ‘பாப் டில் யூ டிராப்’ டிஜிட்டலில் பதிவான தட்டாக வந்தது. அண்மைச் சான்று இன்னும் வலியது. அனலாக் தூய்மைக்கு, அதாவது அலையை எண்ணாக மாற்றாமல் அலையாகவே கொண்டுசெல்லும் முறைக்கு, முன்மாதிரியாகப் போற்றப்பட்ட அமெரிக்க நிறுவனமான மொபைல் ஃபிடலிட்டி, 100 டாலருக்கு மேல் விலையுள்ளவை உட்படத் தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் படிநிலை ஒன்று இருந்ததை 2022இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்தச் செய்தி வெளிவரும் வரை, டிஜிட்டல் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இனங்காண முடியும் என்று நம்பியிருந்த தேர்ந்த செவிகளுக்கும் அது புலப்படவில்லை.

அப்படியானால் தட்டு இனிமையாக ஒலிக்கிறது என்போர் அனைவரும் மயக்கத்தில் இருக்கிறார்களா என்றால், இல்லை. பல நேரங்களில் அவர்கள் கேட்கும் வேறுபாடு உண்மையானது. அதற்கு அவர்கள் கூறும் காரணமே தவறானது. 1990களிலிருந்து பல குறுந்தகடுகள் பிறவற்றைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்பதற்காக மெல்லிய பகுதிகளும் உச்சத்துக்கு உயர்த்தப்பட்டு, ஏற்ற இறக்கம் நசுக்கப்பட்டு வெளியாயின; அதே இசையின் பழைய தட்டு மூச்சுவிடுவதாகத் தோன்றுவது மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சமன்செய்யும் இறுதிப் பணி, வேறாக இருந்ததால்தான். வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் சில மூல ஒலியோடு அதன் இருமடங்கு அதிர்வெண்ணில் மெல்லிய துணையொலியைச் சேர்க்கின்றன; அது மேல் ஸ்தாயியின் அதே சுரம் என்பதால் செவிக்கு இதமாக இருக்கிறது. அந்த இதத்தை விரும்புவதில் பிழையில்லை. அதை மூலத்தின் உண்மை என்று அழைப்பதில்தான் பிழை இருக்கிறது.

தமிழ்த் திரையிசையில் இக்குழப்பம் வெளிப்படையாகத் தெரிகிறது. 1980களில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜாவின் எல்.பி.களை இணையத்தில் உலவும் எம்பி3 கோப்புகளோடு ஒப்பிட்டு, டிஜிட்டல் தோற்றுவிட்டதாக ரசிகர்கள் தீர்ப்பளிக்கின்றனர். ஆனால் 128 கிலோபிட் எம்பி3 என்பது குறுந்தகட்டின் தரவில் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும் சுருக்கமுறை. அத்தகைய கோப்புகளில் பல தேய்ந்த கேசட்டிலிருந்தோ தட்டிலிருந்தோ, இரைச்சலோடு இசையையும் துடைத்தெறிந்து எடுக்கப்பட்டவை. அங்கே தோற்றது கவனமற்ற பிரதியெடுப்பு.

இந்நம்பிக்கையின் தீமை இங்குதான் இருக்கிறது. குற்றம் டிஜிட்டல் முறையின் பிறவிக்குறை என்று நம்பும் கேட்பாளர், மூல ஒலிநாடா எங்கே, அதை யார் எந்தக் கருவியில் படியெடுத்தார், ஏற்ற இறக்கத்தை ஏன் நசுக்கினார் என்று நிறுவனங்களைக் கேட்பதில்லை. கேட்காதவரை நிறுவனங்களும் மாறப்போவதில்லை. தட்டோ என்றும் நிலைத்திருப்பதும் அல்ல. ஊசி படும் ஒவ்வொரு முறையும் அது சிறிதேனும் தேய்கிறது; 78 சுழற்சி அரக்குத்தட்டு கைதவறினால் உடைந்தே போகிறது. ஓடியன், யங் இந்தியா நிறுவனங்களின் பழந்தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின்கீழ் டிஜிட்டலாக்கப்பட்டதால்தான், ஒரு சில சேகரிப்பாளரின் அலமாரியில் அடைபட்டிருந்த குரல்கள் எவரும் கேட்கக்கூடிய பொதுச்சொத்தாயின. தட்டின் எதிரியாகச் சித்திரிக்கப்படும் நுட்பமே தட்டின் காவலாக இருக்கிறது.

இசைத்தட்டை விரும்புவதற்கு உண்மையான காரணங்கள் போதிய அளவில் உள்ளன. இருபது நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தை இசையமைப்பாளர் வகுத்த வரிசையில் இடையீடின்றிக் கேட்கும் ஒழுங்கு, கலைஞர்களின் பெயர்களை வாசிக்கத் தரும் உறையின் அகலம், குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட பொறியாளர்கள் வெட்டிய வடிவிலேயே ஒரு பதிவை அறியும் வரலாற்றுப் பயன், கருவியைத் தானே பழுதுபார்த்துப் பேணும் கைத்திறனின் நிறைவு ஆகியவை எந்தத் தேற்றத்தாலும் பொய்யாகாதவை. இவற்றின்மேல் நிற்கும் அன்பு எந்த ஆய்வுக்கும் அஞ்ச வேண்டியதில்லை; படிக்கட்டுப் படத்தின்மேல் நிற்கும் அன்போ ஒவ்வோர் ஆய்வையும் பகையாகக் கருத வேண்டியிருக்கிறது. தட்டை நேசிப்போர் அந்தப் படத்தைக் கைவிட்டு, தட்டானாலும் கோப்பானாலும் மூலத்தையும் படியெடுத்த முறையையும் உறையிலேயே அறிவிக்க வேண்டும் என்று ஒன்றுபட்டுக் கேட்பார்களானால், இன்று ஒருசிலருக்கு மட்டும் கிட்டும் நல்ல ஒலி, டர்ன்டேபிள் வாங்க வசதியற்றவர்களுக்கும் உரியதாகும்.