விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



லண்டனிலோ டொரொண்டோவிலோ மெல்பேர்னிலோ ஒரு பிள்ளை இல்லாத தெரு எமது ஊர்களில் இப்போது குறைவு. மகளுக்குப் பேறுகாலம் என்றால் உம்மா போகிறார். பேரப்பிள்ளையைப் பார்க்க வாப்பா போகிறார். லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் உண்டு. டொரொண்டோவுக்கு இல்லை. டுபாயிலோ தோஹாவிலோ வேறெங்கோ இறங்கி, மாறி ஏறித்தான் போக வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு?" இரண்டாவது விமானம் தவறினால் யார் பொறுப்பு என்று கேட்பவர் குறைவு. வயதானவர்களை அனுப்பும்போது விலையை விட இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது எமது கருத்து.

காரணம் இதுதான். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறிவிட்டால், மேலதிகக் கட்டணம் இல்லாமல் அடுத்து இடமுள்ள விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டிக் கொடுத்திருந்தால் கதை வேறு. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். அந்த டிக்கெட் போய்விடும். பெரும்பாலும் அதோடு சேர்ந்த திரும்பி வரும் பயணமும் இரத்தாகிவிடும். அந்த நேரத்தில் புது டிக்கெட் என்ன விலைக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

நாற்பதாயிரம் ரூபாய் குறைகிறதே என்று கேட்கலாம். எமது குடும்பங்களுக்கு அது சிறிய காசில்லை, உண்மை. தேவையான வீசாவும் கைப்பொதியும் மட்டும் கொண்ட ஓர் இளைஞன், இடையில் ஒரு நாள் இடைவெளி விட்டு அப்படிப் போகலாம். ஆனால் இரண்டு பெரிய பெட்டியோடு, ஆங்கிலம் பேசத் தெரியாத உம்மாவுக்கு அதே டிக்கெட்டை எடுத்துக் கொடுப்பதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. காசை நாம் மிச்சம் பிடிக்கிறோம், ஆபத்தை அவர் சுமக்கிறார்.

பெட்டி இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. டிக்கெட் தனித்தனி என்றால் பெட்டி பெரும்பாலும் இடையிலேயே இறங்கிவிடும். அதை எடுக்கக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டு வீசா வேண்டும். டுபாயில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வீசா இல்லாமல் வெளியே வர முடியாது.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பாதையைப் பார்க்க வேண்டும். அமெரிக்கா வழியாகக் கனடா போவதென்றால், விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் அமெரிக்க வீசா தேவை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவதற்கும் இலங்கையருக்கு ட்ரான்சிட் வீசா கேட்பார்கள். செல்லுபடியாகும் கனடா, அமெரிக்கா வீசா போன்றவை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இதையெல்லாம் காசு கட்டமுன் விமான நிறுவனத்திடமோ தூதரகத்திடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். இறங்கும் விமான நிலையமும் ஏறும் விமான நிலையமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். இஸ்தான்புல்லில் இரண்டு உண்டு, ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றது ஆசியக் கரையில்.

ஒரே டிக்கெட்தானா என்று எப்படி அறிவது? ஏஜென்சி தரும் தாளில் 13 இலக்கங்கள் கொண்ட டிக்கெட் எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைச் சொல்லும்: ஸ்ரீலங்கன் 603, எமிரேட்ஸ் 176, கட்டார் ஏர்வேய்ஸ் 157. ஒரு பயணிக்கு இரண்டு நிறுவனங்களின் இலக்கத்தோடு இரண்டு எண்கள் இருந்தால், விளக்கம் கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். கட்டுநாயக்கவில் பெட்டியில் ஒட்டும் பட்டியையும் பாருங்கள். டொரொண்டோ என்றால் கடைசி ஊராக "வை.வை.இசட்" என்று இருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். விமானத்தின் வாயில் புறப்படும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடப்படும். அப்படியென்றால் ஒன்றேகால் மணித்தியால இடைவெளி என்பது உண்மையில் ஒரு மணித்தியாலமும் இல்லை. அதற்குள் விமானத்திலிருந்து இறங்கி, மீண்டும் பாதுகாப்புச் சோதனை முடித்து, நடந்து போக வேண்டும். போகிற ஊருக்கு நாளுக்கு ஒரே ஒரு விமானம்தான் என்றால் தவறியதும் ஒரு நாள் காத்திருப்புத்தான். பெரியவர்களுக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் இருப்பதே நிம்மதி. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அதில் அழைத்துச் செல்பவர் வரவும் நேரம் எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆசிரியர்களாக எமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம் என்று நேர வலயத்தைப் படிப்பிக்கிறோம், பிள்ளைகளும் பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். அதே பிள்ளை வீட்டிலுள்ள டிக்கெட்டை வாசிக்கலாமே. அதிலுள்ள நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். டுபாய் எம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால், தோஹா இரண்டரை மணித்தியாலம் பின்னால். 12 ஆம் திகதி 00.40 என்றால் அது 11 ஆம் திகதி இரவு. அம்பாறை மாவட்டத்திலிருந்து வேன் பிடிப்பவர்கள் 11 ஆம் திகதி பகலே புறப்பட வேண்டும். ஒரு பழைய டிக்கெட்டைப் பிரதி எடுத்து, பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு வகுப்பில் கொடுத்தால், ஒரு பாடவேளையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இதைப் பிடித்துவிடுவார்கள்.

காசு கட்டமுன் டிக்கெட் விபரத்தை வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரும் இல்லையென்றால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், நாம் பார்த்துச் சொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து உம்மா, வாப்பாவுக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கும் இதை உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் அனுப்பிவிடுங்கள்.